சேர்த்தா, பிரித்தா

மாசியில் வாங்கிய நுழைவுச்சீட்டு.
அப்போது நாங்கள் இன்னும் ஒரே சாவிக்கொத்து.
ஐப்பசியில் நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுப்
பதினொரு நாள்.
காசைத் திருப்பித் தரமாட்டார்களாம்.
அவன் வரமாட்டான் என்று நான் வந்தேன்,
நான் வரமாட்டேன் என்று அவன்.

பேர்ன் பழைய நகரில்
நடைபாதையோடு சாய்ந்து கிடக்கும் மரக்கதவு,
அதற்குள் பதினேழு படி.
முன்பு உப்பு மூட்டை இறங்கிய நிலவறையாம்.
சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தேன்.
உப்பு இல்லை. சுண்ணாம்பு.

மேசையில் ஒரு சின்ன அட்டை,
அதில் பிழையாக எழுதிய எங்கள் பெயர்.
இரண்டு கதிரை, ஒரு மெழுகுதிரி.
தயாபரன் முன்னமே வந்திருந்தான்
நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரில்.
அதை நான் கவனித்ததை
அவன் கவனித்தான்.
"வேறு இடம் இல்லையாம்."
உண்மைதான். நாற்பது பேர் வந்தால்
மூச்சுக்கு முறை வைக்கவேண்டிய அறை.

உர்சினா காவெல்டி பாட வந்தாள்.
அறுபது தாண்டியிருக்கும்.
ஒலிவாங்கியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு
தன் ஆள் விட்டுப்போன கதையைத் தொடங்கினாள்.
முதல் வரியை ஒருமுறை,
நம்பாதவர்களுக்காக அதையே இன்னொருமுறை,
மூன்றாவது வரியில் தானே சிரித்துவிட்டாள்.
அதே கதைக்கு எனக்கு
எட்டு மாதமும் மூன்று வக்கீல் கடிதமும்.

நான் பல் செய்கிறவள்.
நாள் முழுக்க ஆய்வுகூடத்தில்
அந்நியர்களின் கடைவாய்களோடு இருப்பவள்.
சாக்ஸபோன்காரனின் இசைக்கு முன்
அவனுடைய மேல்வரிசைதான் தெரிந்தது.
இடது முன்பல் போர்சலின், நல்ல வேலை,
ஒரு சாயல் கூடுதல் வெள்ளை.
அந்தப் பல்லை ஊதுவாயில் ஊன்றித்தான்
அவ்வளவு துக்கத்தையும் தாங்குகிறான்.
ஒட்டு விட்டுவிடுமோ என்று
ஒரு முழுப் பாட்டும் பயந்திருந்தேன்.

விட்டது பல் அல்ல.
டபுள் பாஸ் பெண்ணின் தந்தி.
அறுந்து அவள் கன்னத்தருகே சுருண்டு நின்றது.
டிரம்ஸ்காரன் நிறுத்தவில்லை,
தூரிகையால்
அரிசி களைகிற சத்தத்தில் சுற்றிக்கொண்டே இருந்தான்.
அவள் குனிந்து பார்த்தாள், தோளைக் குலுக்கினாள்,
மிச்சம் மூன்றில்
இல்லாத சுரத்தைச் சுற்றிப்போக ஒரு வழி தேடினாள்.
முன்னதைவிட அழகாக இருந்தது
என்று எழுத ஆசைதான்.
இல்லை. தடுமாறினாள்.
இரண்டு இடத்தை வெறுமையாக விட்டாள்.
அந்த வெறுமையில்
தயாபரனின் விரல் மேசையைத் தட்டியது.

பதினாறு வருடம்
அவனுக்குத் தாளமே இல்லை என்றிருந்தேன்.
இருக்கிறது,
ஒவ்வொரு அடியும் அரை நொடி பிந்தி.
நான் கேட்டதற்கெல்லாம்
அவன் பேசாமல் இருந்ததும் இதுதானோ,
அல்லது வெறும் பேசாமல் இருந்ததுதானோ.
இனி அதை ஆராய எனக்கு உத்தியோகமில்லை.

இடைவேளையில் பரிசாரகி வந்து நின்றாள்.
"சேர்த்தா, பிரித்தா?"
இந்த நாட்டில் எந்த மேசையிலும் கேட்கிற கேள்வி.
நான் "பிரித்து" என்றேன்.
நான் முடித்த பிறகு அவன்
"சேர்த்து."
அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்,
பேனையைக் காதில் செருகினாள்,
"பிறகு வருகிறேன்."

பிற்பகுதியில் புதுத் தந்தி.
புதுசு என்பதால் சுதி நிற்கவில்லை.
ஒவ்வொரு பாட்டு முடியவும்
கைதட்டலுக்கு அடியில்
அவள் அதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மேலே வந்தபோது மழை.
அவனுக்கு ஒரு ட்ராம், எனக்கு எதிர்த்திசை.
சொல்ல எதுவும் அகப்படவில்லை.
அவன் கீழ்க் கடைவாயில் ஒரு பல்
நான் செய்தது.
"அது இன்னும் இறுக்கமாக இருக்கிறதா?"

பதில் வருமுன் கதவு மூடிக்கொண்டது.
ஈரக் கண்ணாடிக்குப் பின்னால்
அவன் கன்னம் ஒருமுறை புடைத்து அடங்கியது.
நாக்கால் தொட்டுப் பார்க்கிறான்.