ஏழு கிலோமீட்டர், நடுவில் ஒரு மெத்தை

சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று சீட்டில் வந்ததால்
ஓட வந்தவன் நான்.
ஊருக்கு நல்லது செய்யவெல்லாம் இல்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரி, டானிங்டன் வளைவு,
ஞாயிறு, ஐந்தே முக்கால்.
தெருவிளக்கை மொய்க்கிறது பனி.
போஜன் தொடையை இழுத்துவிட்டுக்கொள்கிறான்.
ஷமீமா மஃப்ளரைக் கழற்றிக்
கைப்பிடிக் கம்பியில் கட்டுகிறாள்.
ஸ்கூல் வேன் ஓட்டும் ரெஜினா
ஆளுக்கொரு ஜோடி கையுறை தருகிறாள்.
எனக்கு வந்த இரண்டும் இடது.

"இன்னைக்கு ஏழு கிலோமீட்டர்," என்றாள்,
"நடுவுல ஒரு மெத்தை."

ஓடுகிறவர்களின் ஏதோ குழூஉக்குறி என்று நினைத்தேன்.
மெத்தைதான்.
இடுப்பு முறிந்து கோவையில் கிடந்துவிட்டு
நேற்று வீடு திரும்பிய அல்போன்சாவுக்கு.
டெம்போக்காரன் சாலையோரம் போட்டுவிட்டுப் போய்விட்டான்.
சாலையிலிருந்து அவள் வீட்டுக்கு
இறங்க நூற்றுப் பதினான்கு படி.
படி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.

முனைக்கு ஒருவராய்ப் பிடித்தோம்.
மெத்தைக்கு எலும்பில்லை.
முன்னால் தூக்கினால் பின்னால் வழிகிறது.
திருப்பத்தில் மடிந்து என் தலையில் கவிழ,
சிறிது நேரம் எனக்கு உலகமே பஞ்சு.
உள்ளிருந்தபடி கேட்டேன்:
போஜனின் கைக்கடிகாரம் கீச்சிட்டு
'ஓட்டம் நின்றது' என்று தானே முடிவுசெய்துகொண்டது.
அவன் படுகத்தில் ஒரு வார்த்தை சொன்னான்.
ரெஜினா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

அல்போன்சா வாசலில், நாற்காலியில்.
நன்றி சொல்லவில்லை.
"நீலத்துல பூப்போட்டது கேட்டேன், இது பழுப்பு.
ஷூவைக் கழட்டிட்டு வாங்க."
எட்டு ஷூவின் நாடாவையும் அவிழ்த்தோம்.
ஈரச் சாக்ஸ் தரையில் விட்ட தடங்களை
அவள் கண்ணாலேயே எண்ணினாள்.
விரித்ததும் ஊன்றுகோலோடு வந்து
உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தி
"ம்" என்றாள்.

ஏறும் வழியெல்லாம் ஷமீமா
அந்த 'ம்'மைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.
அதே மாதிரி வரவில்லை.

தேயிலை முடிந்து சோலை தொடங்கும் விளிம்பில் ஓர் ஊற்று.
இரண்டு தெருவும் காட்டுமாடுகளும்
அதில்தான் குடிக்கின்றன.
மலையில் பாட்டிலுக்குத் தடை என்று
சோதனைச் சாவடியிலேயே எழுதியிருக்கிறது.
பாட்டிலுக்குப் படிக்கத் தெரியாது.
நாற்பத்தொன்று பொறுக்கினேன்.
ஒன்றில் பாதி ஆரஞ்சு ஜூஸ், அதன் கழுத்தில் ஒரு நத்தை.
அதை வெளியே வரவைக்க
மெத்தையை இறக்கியதைவிடப் பொறுமை வேண்டியிருந்தது.
உண்ணிச்செடியை வேரோடு இழுத்தால்
கையில் ஏறும் அந்த நாற்றம்,
கற்பூரத்தில் பூனை படுத்த மாதிரி.
முள்ளில் ஒரு கையுறை கிழிந்தது.
நல்லவேளை, உபரி இடது.

சாக்குகளைக் கட்டி நிமிர்ந்தால்
பாதையை மறித்து ஒரு காட்டுமாடு.
முழங்கால்வரை வெள்ளைக் காலுறை.
எங்களில் யாருக்கும் இல்லாத ஓட்டக்கால்.
நின்றோம்.
நான்கு சின்னப் புகை, ஒரு பெரிய புகை.
எவ்வளவு நேரம் என்று
கடிகாரத்தைப் பார்க்க போஜன்கூடக் கையைத் தூக்கவில்லை.
அது எங்களைத் தாண்டிப் போய்
உண்ணி பிடுங்கிய சேற்றில் காலூன்றிக்
குடித்தது. நிறையக் குடித்தது.

டீக்கடையில் கணக்குப் பார்த்தோம்.
ஆறு புள்ளி இரண்டு.
மெத்தை கணக்கில் வராது.
மீதி எண்ணூறு மீட்டருக்காக போஜன்
பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடுகிறான், வருகிறான்,
மறுபடி ஓடுகிறான்.
"அடுத்த வாரம்?" என்றேன் ரெஜினாவிடம்.
கேட்டிருக்க வேண்டாம்.
"ஒன்பது," என்றாள். "ஒரு பீரோ."

சர்க்கரை இல்லாமல் சொன்ன டீ இனித்தது.
மாஸ்டரின் மறதி.
திருப்பிக் கொடுக்கலாம்தான்.
கிளாஸைப் பிடித்த கையில் உண்ணி நாற்றம்.
குடித்துவிட்டேன்.