சுவரொட்டியில் இல்லாதவன்

வேன் அதேதான்.
எஞ்சின் இரண்டு முறை மாறியாயிற்று.
இடப்பக்கக் கதவு டல்சாவில்
வேறொரு வேனின் பிணத்திலிருந்து கழற்றியது.
ஆனாலும் அதே வேன்தான் என்று
காப்பீட்டுத் தாள் சொல்கிறது.

கவுன்ட்டி லைன் மியூல்ஸ்:
கோவேறு கழுதைக்கு வாரிசு கிடையாது.
இந்தப் பெயருக்கு மட்டும்
ஐம்பது வருஷமாய் யாராவது பிறந்துகொண்டே இருக்கிறார்கள்.
பெயரின் உரிமை இப்போது
ஜாப்ளினில் ஒரு பல் மருத்துவரிடம்.
சீட்டாட்டத்தில் ஜெயித்தாராம்.
மாதா மாதம் அவருக்குக் காசோலை போகிறது.

நான் ஹோபர்ட். ஹோபர்ட் லிங்கன்ஃபெல்ட்டர்.
வண்டி ஓட்டுவேன், பெட்டி இறக்குவேன்,
கிதாருக்கு நரம்பு மாற்றிச் சுருதி சேர்ப்பேன்.
மேடையில் ஏறுவேன், விளக்கு எரிவதற்கு முன்பு.

கழற்றிய நரம்பைப் பார்த்தால்
கழற்றினவன் யாரென்று தெரியும் எனக்கு.
வெர்லின் கட்டைவிரல்காரன்.
தடித்த மூன்றும் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிடும்,
மெல்லிய மூன்றும் கடையில் வாங்கியபடியே திரும்பி வரும்.
கிளியோட்டிஸ் சுண்டுவிரலில்
இருமல் மருந்துக் குப்பியின் கழுத்தை மாட்டிக்கொள்வார்.
அவருக்கு நரம்பை உயரத் தூக்கிக் கட்ட வேண்டும்.
கீழே அழுத்தக் கூடாது, மேலே வழுக்க வேண்டும்,
பனியில் வண்டி போவதுபோல, என்பார்.
பனியில்தான் போனார், வேறொருவர் வண்டியில்.

டூயி ஹேட்சருக்கு வியர்வை அப்படி.
சாயங்காலம் புதிது கட்டினால்
நள்ளிரவில் துரு.
என்ன தின்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான்.
அமரில்லோவில் சிகரெட் வாங்க இறங்கினான்.
ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.
அவன் கிதார் இன்னும் பின்சீட்டுக்கு அடியில்.
வருஷத்துக்கு ஒருமுறை நரம்பு மாற்றிவைக்கிறேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.

மார்வா ஜீன் நாலு வருஷத்தில்
ஒரு நரம்பும் அறுத்ததில்லை.
வலது காது கேட்காமல் போன விஷயம்
எனக்கு மட்டும் தெரியும்:
எப்போதும் தாளக்காரனுக்கு இடப்புறம் நின்றவள்
ஒரு நாள் வலப்புறம் போய் நின்றாள்.
அப்புறம் இரண்டு பேர். ஒருவன் பெயர் மறந்துவிட்டது.
நரம்பு மறக்கவில்லை,
நகத்தால் கீறுவான், பாவி.

இப்போது டேட் ஓகல்ட்ரீ. இருபத்து நாலு வயது.
வெர்லின் செத்து மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன்.

நேற்று செடேலியா சந்தையில்
ஆட்டம் முடிந்து கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
சோளக்கதிர் வாசனையோடு ஒருவர் வந்தார்,
கையில் முதல் இசைத்தட்டின் உறை,
பிளாஸ்டிக் போட்டு, மூலை மடங்காமல்.
"அசல் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?"
டேட் என்னைப் பார்த்தான்.
நான் கேபிளைப் பார்த்தேன்.

அட்டையில் நாலு பேர், வேனுக்கு முன்னால்.
வெர்லின் கண்ணை இடுக்கிக்கொண்டு. வெயில்.
ஹட்டாவ் கோடியில், தொப்பி கோணலாக.
அவர்களுக்குப் பின்னால், ஜன்னலில்,
ஒரு முழங்கை.

"இவர் எங்கே?" என்று வெர்லினைத் தொட்டார் மனிதர்.
இல்லை என்றான் டேட்.
"இவர்?"
இல்லை.
நாலுக்கும் இல்லை சொல்லி
அவன் முகம் சிவந்துவிட்டது,
தானே கொன்றவன்போல.
கடைசியில் பேனாவை வாங்கி
வெர்லினின் பூட்ஸுக்குக் கீழே
தன் பெயரைச் சின்னதாக எழுதினான்,
வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பவன்போல.

மனிதர் போன பிறகு கேட்டான்:
"அந்த முழங்கை?"

அன்றைக்கு வெயிலில் மூன்றாவது நரம்பு அறுந்துவிட்டது.
போட்டோக்காரன் அவசரப்பட்டான்.
மாற்றிக்கொண்டிருந்தேன், உள்ளே.

இதையெல்லாம் சொல்லவில்லை.
கிதாரைக் கொடு என்றேன்.
கொடுத்தான்.
ஆறாவது கொஞ்சம் இறங்கியிருந்தது.