முந்நூற்றுப் பன்னிரண்டு சிப்பம்

களத்தில் கொட்டாத நெல் அது.
தூற்றவில்லை, சலிக்கவில்லை,
ஈரம் பார்க்கும் கருவிக்குள்
ஒரு பிடிகூட விழவில்லை.
மாசி ஒன்பது, இரவு பதினொன்று நாற்பதுக்கு
என் பெயரில் விளைந்தது.

விசாரிக்க வந்தவர் டீயை ஆறவிட்டுக் கேட்டார்:
"பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"
யாருக்குத் தெரியாது என்று கேட்டிருந்தால்
சுருக்கமாக முடித்திருப்பேன்.

சுமை தூக்கும் மாசிலாமணி அண்ணனுக்குத் தெரியும்.
நான் சாப்பிடப் போனால்
அவர்தான் ரசீது போட்டு வைப்பார்.
காவலுக்குப் படுக்கும் பக்கிரிசாமிக்குத் தெரியும்.
மன்னார்குடி லாரிக்காரர்கள் இரண்டு பேருக்கு,
சாக்கு தைக்கிற பையனுக்கு,
அவன் தம்பிக்கு.
தராசின் முதுகில் மார்க்கரால் அதை எழுதியது
எனக்கு முன்னால் இருந்த பட்டியல் எழுத்தர்.
நெல்லு, அட், ஒன்று இரண்டு மூன்று.
குறுவை, சம்பா, மறுபடி குறுவை, மறுபடி சம்பா
அதுவே சாவி.
எல்லாரும் நல்ல ஆட்கள், சார், என்றேன்.
எழுதிக்கொண்டார்.

கையெழுத்து என்றால்
என் 'ழ'வின் வாலைக் காட்டி
நானில்லை என்று சொல்லலாம்.
விசைப்பலகைக்கு வால் கிடையாது.
யார் தட்டினாலும் அது நான்தான்.

புதுசு வைக்க வேண்டும்.
பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல்
என்று சுற்றறிக்கை.
மகள் பெயரும் பிறந்த தேதியும் போட்டுப் பார்த்தேன்.
நீடாமங்கலம் கடைத்தெருவில்
காதுகுத்துக்குக் கட்டிய பேனர்
இன்னும் கிழியாமல் தொங்குகிறது,
பெயர், தேதி, நேரம், தாய்மாமன் உட்பட.
குலதெய்வம்
என் ஸ்கூட்டியின் நெற்றியிலேயே ஸ்டிக்கராக.
மூணாறு தலைப்பில் பிரிகிற ஆறுகளை
வரிசையாக அடிக்கலாமா?
இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளையும்
ஒப்பிக்கும் அதை.

எனக்குப் பிரியமானதெல்லாம்
ஏற்கெனவே ஊரில் ஒட்டியிருக்கிறது.
ஒட்டாதது என்ன இருக்கிறது என்னிடம்?

அன்று மாலை மதகுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு
வெகுநேரம் தேடினேன்.
கல்லூரிக்கு ஒரு நாள் போகாமல்
வேறெங்கோ போனேன். அங்கே பார்த்த ஒரு பொருள்.
கோபம் வந்தால் மனசுக்குள் மட்டும்
நான் சொல்லும் ஒரு வார்த்தை, நல்ல வார்த்தையில்லை.
யாரும் சமைக்காத ஒரு கறி.
எண்ணும்போதெல்லாம் தப்பிப்போகும் ஒரு எண்ணிக்கை.
நாலும் ஒன்றோடொன்று பேசாதவை.
ஒரே பந்தியில் உட்கார வைத்தால்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
அவற்றைத்தான் கோத்தேன்.
நடுவில் ஒரு பிழை விட்டேன்,
தமிழ் டீச்சர் அடித்திருப்பார்.

இன்னதென்று சொல்லமாட்டேன்.
படிக்கிற நீங்களும் நல்ல ஆள்தான், தெரியும்.

அடுத்த நாள் வெயிலில் நாற்பது வண்டி நிற்க
மாசிலாமணி அண்ணன் வந்தார்:
"சாப்பிட்டு வா தங்கச்சி, நான் போட்டுவைக்கிறேன்."
"வேணாண்ணே, வரிசை நிக்கட்டும்."
துண்டை உதறித் தோளில் போட்டார்.
அதற்கப்புறம் மூன்று நாள்
என் மேசைப் பக்கம் சிரிப்பில்லை.
சிப்பம் இறக்கும் சத்தம்கூட
கொஞ்சம் பலமாகக் கேட்டது.

விசாரணை முடியவில்லை.
சம்பளத்தில் பிடிக்கலாம் என்கிறார்கள்,
பிடிக்காமலும் விடலாம்.
தராசின் முதுகை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.
'நெல்லு' மட்டும் போகவில்லை.

நாலாம் நாள் காலை
கணினியை உயிர்ப்பித்து
நான் முதல் எழுத்தைத் தொட்டபோது
எதிரே ரசீதுக்கு நின்றிருந்த மாசிலாமணி அண்ணன்
சட்டென்று திரும்பி
தார்ப்பாயில் ஓட்டை தேடினார்.
பதினேழு எழுத்தும் முடிகிறவரை
தேடிக்கொண்டே இருந்தார்.