தடை

மூன்று மில்லிமீட்டர் டிரில் பிட்டின் கழுத்தில்
மயிரைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியைச் சுற்றுகிறேன்.
ஒன்று. இரண்டு.
முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்சந்தில் கடை.
வெளியே பலகையில் டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்ட்.
இந்த வேலைக்குப் பலகை கிடையாது.

கொண்டுவந்தவர் ஏகாம்பரம்,
வைசியாள் வீதி ரொட்டிக்கடையில் அடுப்புக்காரர்.
துலூஸிலிருந்து வந்த தம்பி
பீடியை விடச்சொல்லி விட்டுப்போன குழல்.
“உறிஞ்சினா கருகின பஞ்சு வாசம், கிளாரிஸு.
புதுக் காயில் எங்கயும் கிடைக்காதாம். தடையாம்.”
தடை என்றபோது மட்டும் குரல் தாழ்ந்தது.
மீட்டரைத் தேடிக்கொண்டே கேட்டேன்:
“எவ்வளவு தடை?”
முழித்தார்.
நான் கேட்டது ஓம் கணக்கு.

கம்பிச் சுருளின் அட்டையில் ஆங்கிலப் பெயர்.
எழுத்துக்கூட்டினால் காந்தல்.
“அடிப்பிடிச்ச சோத்துக்கு வச்ச பேரால்ல இருக்கு”
சிரித்தார், சிரிப்பு இருமலானது.
அது அடங்கும்வரை
கம்பியை நகத்தால் நீவிக்கொண்டிருந்தேன்.

முதலில் சுற்றியது தப்பு.
தடித்த கம்பி, ஐந்தே சுற்று, மீட்டரில் புள்ளி ஏழு.
மீட்டரை அப்படியே நம்பக் கூடாது.
அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால்
நடுவில் எதுவுமே இல்லாமல் புள்ளி மூன்று காட்டும்.
ஒயரின் சொந்தத் தடை அது,
கழித்துவிட வேண்டும்.
மிச்சம் புள்ளி நாலு.
நாலு புள்ளி இரண்டு வோல்ட்டை அதால் வகுத்தால்
பத்தரை ஆம்பியர்.
அவருடைய பேட்டரியோ
செத்த லேப்டாப்பின் வயிற்றிலிருந்து எடுத்தது,
ஐந்துக்கே மூச்சு வாங்கும்.
“அப்படி வச்சா நிறையப் புகை வருமாமே?”
“வரும். சட்டைப்பையிலிருந்தும் வரும்.”

அதனால்தான் மெல்லிய கம்பி, அதனால்தான் ஏழு சுற்று.
ஐந்து. ஆறு.
ஏழாவதை முடித்துக் கால்களை வெட்டிக்
குழலில் பூட்டி அழுத்தினேன்.
ஓரச் சுற்று ஒன்று முந்திக்கொண்டு சிவந்தது.
புருவம் திருத்தும் சாமணத்தால் மெல்லக் கிள்ளி
நெருக்கி, அழுத்தி, நெருக்கி
நடுவிலிருந்து இருபக்கமும் சமமாய்ச் சிவக்கும்வரை.
கழற்றி அளந்தேன். ஒன்று புள்ளி ஏழு, கழித்தால் ஒன்று புள்ளி நாலு.
மூன்று ஆம்பியர். மீதியில்லாமல் வகுபட்டது.
பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை.

காயிலைக் கண்ணாடித் தட்டில் வைத்தேன்.
வாசலில் ஒரு சிவப்புத் தொப்பி குனிந்து நுழைந்தது.
டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்திருந்த போலீஸ்காரர்.
ஏகாம்பரம் குழலை மடியில் செருகினார்,
பின், காரணமில்லாமல், கூரையைப் பார்த்தார்.
“இது என்னம்மா?”
“பேனா ஸ்பிரிங்கு சார்.”
விரல்நுனியில் எடுத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
சந்தில் எவனோ ஹார்ன் அடித்துக்கொண்டே போனான்.
போனை வாங்கி, திரையைத் தடவி,
பேரம் பேசாமல் பணம் தந்து
படியிறங்கும்போது திரும்பாமல் சொன்னார்:
“ஏழு சுத்து. ஒண்ணரைக்குள்ள நிக்குமா?”

அவர் போய் வெகுநேரம் நாங்கள் பேசவில்லை.
மருந்துக்கடைப் பஞ்சைத் திரித்துச் சுருளுக்குள் இழுத்தேன்.
இறுக்கினால் சாறு ஏறாது, மறுபடி கருகும்.
தளர்த்தினால் வாயில் ஒழுகும்.
கம்பி அசையக் கூடாது, பஞ்சு தயங்கித் தயங்கி வர வேண்டும்.
இதை அளக்க மீட்டர் கிடையாது.
ஏகாம்பரம் ஒரு இழுப்பு இழுத்தார்.
“பீடி மாதிரி இல்ல.”
“இது நல்லதுன்னு நான் சொல்லல” என்றேன்.
“நானும் கேக்கல.”
நாற்பது ரூபாயை மேஜையில் வைத்தார்,
நோட்டில் மைதா மாவு.

மீட்டரை அணைக்க மறந்திருந்தேன்.
சிவப்பு முனையும் கறுப்பு முனையும்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன,
நடுவில் ஒன்றுமில்லை.
புள்ளி மூன்று என்றது.