வாசித்துக் காட்டப்பட்டது

தொப்பிக்கு நாலு கிளிப் வேண்டும் என்பதை
களுத்துறைப் பயிற்சியில் ஒருவரும் சொல்லவில்லை.
வெள்ளவத்தையில் இறங்கியதும்
கடற்காற்று சொன்னது.

நூறாம் இலக்க பஸ்ஸில்
எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
கொள்ளுப்பிட்டியில் ஏறியவர்கள்
கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள்.
கொண்டக்டர் காசு வாங்கவில்லை.
நீட்டிய நோட்டு கைக்குள்ளேயே வேர்த்தது.

நிலைய வாசலில் நின்றவர்
தலையை ஆட்டி உள்ளே விட்டார்.
அதற்குள் என் கை
பைக்குள் போயிருந்தது,
அடையாள அட்டையைத் தேடி.
அம்மாவைப் பார்த்துப் பழகிய கை.
அதற்கு இன்னும் சீருடை தைக்கவில்லை.

பெயர்ப் பட்டியில்
தமிழில் மட்டும் ஒரு குத்து விடுபட்டிருந்தது.
தனக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று காட்ட
சார்ஜன்ட் விஜேகோன் எழுத்துக் கூட்டினார்:
யூ, டி, த.
நான் திருத்தவில்லை.
அவர் சரியாகத்தான் வாசித்தார்.

பத்து மணிக்கு
ஒரு விபத்துக் கோப்பு எடுத்துவர
பின் அறைக்கு அனுப்பினார்கள்.
தூசி, எலிப்புழுக்கை,
கயிறு கட்டிய பழைய கட்டுகள்:
வீட்டார் விபரப் படிவங்கள்.
எங்களுடையதும் இங்கேதான் கிடக்கும்.
ஹம்டன் லேன், மாடி அறை, ஆட்கள் நாலு.
நாலாவது நான். வயது ஆறு. மகள்.
கொழும்புக்கு வந்த காரணம் என்ற கட்டத்தில்
அப்பா என்ன சொன்னார் என்று தெரியும்.
அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரியாது.
கீழே ஒப்பம் மட்டும் தமிழில்.

தேடவில்லை.
நேரம் இருந்திருந்தால் தேடியிருப்பேன்.
இல்லை, நேரம் இருந்தது.

பதினொன்றரைக்கு அவர் வந்தார்.
தவநேசன், நகைக்கடையில் மெருகு போடுகிறவர்,
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
தொலைந்தது அடையாள அட்டை.
அதனால் மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார்:
அட்டையின் போட்டோப்பிரதி, பிறப்புச் சான்றிதழ்,
கிராம சேவகரின் கடிதம், கரண்ட் பில்,
தடிமனுக்கு எழுதிய மருந்துத் துண்டு ஒன்றும்.
நான் கேட்க முன்பே
ஒவ்வொன்றாய் மேசையில் அடுக்கினார்.

பாடமாக்கிய சிங்களத்தில் தொடங்கினார்.
"எங்க வச்சுத் துலைஞ்சது, அண்ணா?" என்றேன்.
யார் கேட்டது என்று
எனக்குப் பின்னால் பார்த்தார்.
பிறகு சிங்களத்திலேயே பதில் சொன்னார்.
மூன்று கேள்வி தமிழில்,
மூன்று பதில் சிங்களத்தில்.
விஜேகோன் தேநீருக்குள் சிரித்தார்.

"கடைசியா எங்க வச்சிருந்தீங்கள்?"

அதற்குச் சிங்களம் பாடமாக்கி வரவில்லைப் போலும்.
"கையிலதான், பிள்ளை.
எப்பவும் கையிலதான் வச்சிருப்பன்.
அதாலதான் துலைஞ்சது."

எழுதினேன்.
மேலே சிங்களம், கீழே சிங்களம்,
நடுவில் என் எழுத்து கொஞ்சம் பெரிதாய் விழுந்தது.
எப்போதும் கையில் வைத்திருந்ததால் தொலைந்தது.
வாசித்துக் காட்டியபோது
அந்த இடத்தில் மறித்தார்.
"அது வேண்டாம். பிறகு ஏதும் பிரச்சினை வரும்."
என்ன பிரச்சினை என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

விதிப்படி ஒற்றைக் கோடுதான் கீறலாம்,
வெட்டியது வாசிக்கத் தெரிய வேண்டும்.
கீறினேன். பக்கத்தில்
இருவரும் சிற்றொப்பம் வைத்தோம்.
பிறகு அந்தக் கடைசி வசனம்:
வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்று ஒப்பமிட்டார்.
அவர் உடனே ஒப்பமிடவில்லை.
புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி
விரல் வைத்து முதல் வரியிலிருந்து வாசித்தார்.
பின்னால் வரிசை நீண்டது.
யாரோ இருமினார்கள்.
அந்த விரலை அவசரப்படுத்த
எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பமிட்டு, கடதாசிகளைப் பைக்குள் போட்டு,
எழும்பும்போது சொன்னார்:
"பிள்ளை, உங்கட பேரில ஒரு குத்து இல்லை."

அவர் போனதும்
நீலப் பேனையால் வைத்துக்கொண்டேன்.
பட்டி வழுக்குப் பிளாஸ்டிக்.
ஐந்து மணிக்குள் வியர்வையில் அழிந்துபோனது.

சப்பாத்து குதிகாலைக் கடித்துவிட்டது.
பஸ்ஸில் காசைக் கொண்டக்டரின் உள்ளங்கையில் வைத்து
அவர் விரல்களை மூடிவிட்டேன்.
நாளைக்குப் பிளாஸ்டர் வாங்க வேண்டும்,
அழியாத பேனை ஒன்றும்.