கழுத்தளவு

இரணைமடுவின் வான்கதவுகளை
இரவோடிரவாகத் திறந்துவிட்டார்கள்.
கண்டாவளையில் முதலில் மூழ்கியது
குடியேற்றத்திட்டத்தின் கடைசி வரிசை.
எப்போதும் அதுதான் முதலில் மூழ்கும்.

நத்தாருக்கு முந்தியநாள்.
பலகாரச் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக்
கோயில் மண்டபத்தைத் திறக்க ஓடினோம்.
பாய், லாம்பு, பால்மா.
யார் யாருடையதோ நனைந்த அடையாள அட்டைகள்
பீடத்துப் படியில் காய்ந்துகொண்டிருந்தன.
ஆடுகளும் வந்தன.
பாலன் குடிலில் பரப்பியிருந்த வைக்கோலை
அவை தின்னத் தொடங்க,
சுவாமி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு, தின்னட்டும் என்றார்.

அவன் தகப்பனைத் தோளில் சுமந்து வந்தான்.
தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன்.
"கழுத்தளவுங்க."
மேலில் துணியில்லை. பல் கிட்டியது.

என் பெட்டியில் பத்துச் சேட்டுகள் இருந்தன.
கிளறன்சுக்கு நத்தாருக்கு ஒன்று.
முதலாவது முகாமில் வாங்கியது,
முள்ளுக்கம்பிக்கு மேலால் காசு நீட்டி.
கழுத்தளவு பதினைந்தரை.
மெலிந்திருப்பார், தெரியும்.
என்றாலும் அளவைக் குறைத்து வாங்க
ஒரு வருடமும் மனம் வரவில்லை.

வட்டுவாகலில் அவரைக் கையளித்தது நான்.
"ஒருநாள் இருந்தாலும் பதியட்டாம்,
போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோ" என்று
முதுகில் கைவைத்து அனுப்பியது நான்.
அதன்பிறகு பூசையில்
'கையளிக்கப்படும்' என்ற சொல் வரும்போதெல்லாம்
நிலத்து வெடிப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
தம் ஒரே மகனைத் தந்தார் என்று
ஒவ்வொரு நத்தாருக்கும் பிரசங்கம்.
தந்தவருக்கு மூன்றாம் நாளைப் பற்றித் தெரிந்திருந்தது.
எனக்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூடத் தரவில்லை.

பத்தாவது சேட்டை எடுத்தேன்.
மேலே கிடந்தது, அவ்வளவுதான்.
இளநீலக் கோடு.
குண்டூசிகளைப் பிடுங்கினேன், ஆறு.
ஒன்று விரலில் ஏறியது.
கழுத்துக்குள் இருந்த மட்டையை உருவிக்கொண்டு
மழைக்குள் ஓடினேன்.
அவன் போட்டான். தோள் தொங்கியது.
பெயர் கேட்க மறந்துபோனேன்.

நள்ளிரவுப் பூசையில்
வெறும் சீமெந்தில் பாலனைக் கிடத்தக் குனிந்தார் சுவாமி.
அந்த மட்டை அப்போதும் என் கையில் இருந்தது.
கொடுத்தேன்.
காணிக்கை என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் கொடை என்று சொல்லமாட்டேன்.
வெள்ளத்தில் கை தானாக நீளும்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது.
படலையில் அவன்.
துவைத்து, எங்கோ கரிப்பெட்டி தேடி அழுத்தி,
நாலாய் மடித்த சேட்டை
இரண்டு கையாலும் நீட்டினான்.
"ஐயாவோட சட்டைன்னு கோயில்ல சொன்னாங்க.
வந்தா தேடுவாருல்ல."

கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான்.
இத்தனை வருடத்தில் ஊரில் ஒருவரும்
அவரை என் முன்னால்
அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பேசியதில்லை.

வாங்கினேன். சவர்க்கார மணம்.
கழுத்துப்பட்டியில் புதிதாக ஒரு மடிப்பு,
இன்னொரு கழுத்து விழுத்தியது.
உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.
ஒன்பதுக்கு மேல் வைத்தேன்.
எடுத்தேன்.
எவ்வளவு நேரம் என்று
வெளியே நின்ற அவனைத்தான் கேட்கவேண்டும்.

"நீரே வைச்சிரும் தம்பி."
குரல் அவ்வளவு நன்றாக வரவில்லை.
இந்தமுறை ஒருவரும் ஒலிபெருக்கியில் கேட்கவில்லை.
மற்ற ஒன்பதையும் தரமாட்டேன்,
இந்த வருடமில்லை.

அவன் பெயர் புஸ்பராசு.
மறக்காமல் கேட்டு,
தகப்பன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கேட்டு,
பூசைப் புத்தகத்தின் பின்மட்டையில் எழுதிவைத்தேன்.
யார் கையில் கொடுத்தேன் என்று
எனக்குத் தெரியவேண்டும்.