மூன்றா, எட்டா

வரைபட அறையில் நாங்கள் ஆறு பெண்கள்.
பொறியாளர்கள் பென்சிலில் போட்டதைக்
கஞ்சி ஏற்றிய துணியில் மையால் நகலெடுப்போம்.
முகங்களைவிடக் கையெழுத்துகளே பழக்கம்.
இத்தெல் ப்ராஸரின் ஏழுக்குக் கழுத்து நீளம்.
மூன்று மட்டும்
எட்டு ஒன்று தூங்கி வழிவதுபோல் இருக்கும்.

ஒருமுறை எழுந்துபோய்க் கேட்டேன்.
"மூன்றுதான், மிஸ் பெவன்.
எட்டென்றால் கார்டிஃப் வரை நனையும்."
அறைக்குள் ஆங்கிலம்.
மாடிப்படியில் அதையே வெல்ஷில் சொல்லிச் சிரித்தான்.
அங்கே நான் மாப்லி.

பெனார்த் துறையில்
நிலக்கரி வண்டியைத் தூக்கிக் கப்பலுக்குள் கவிழ்க்கும்
பெரிய எந்திரம் அவனுடையதல்ல.
அதனுள்ளே ஒரு வால்வு அவனுடையது.
உள்ளங்கையளவு பித்தளை.
அதற்கு முன்
வெற்று வண்டி இறங்கினாலே துறைமேடை அதிரும்.
பிறகு
மேசையிலிருந்து பூனை குதிப்பதுபோல்.

ஏழு முறை மாற்றினான், ஏழையும் நான் வரைந்தேன்.
ஏழாவதில் என் மை சிந்திவிட்டது.
திட்டவில்லை.
கறையையே வெகுநேரம் பார்த்திருந்து
"இங்கே ஒரு துளை இருந்தால்?" என்றான்.
ஓடியது அந்தத் துளையால்தான்.

வீணான துணியைச் சுடுநீரில் அலசிக் கஞ்சி போக்கினால்
நல்ல லினன். எல்லோரும் செய்வதுதான்.
கைக்குட்டையாகத் தைத்துக்கொண்டேன்.
கறை போகவில்லை.

பிப்ரவரியில் இரண்டு இரவு
மழையில் நின்று வால்வின் மூச்சைக் கேட்டான்.
அப்புறம் மருத்துவர் அவன் மூச்சைக் கேட்டார்.
பதினோரு நாள்.

அளவுகோலை வாங்கிப்போக ட்ரெஹாரிஸிலிருந்து அண்ணன் வந்தான்.
கோட்டுப் பையில் அது நுழையவில்லை.
கையில் நிமிர்த்திப் பிடித்தபடியே ரயிலேறினான்,
அணையக்கூடாத எதையோ கொண்டுபோவதுபோல்.

பொறியாளர் சங்கத்தின் ஆண்டுத் தொகுதியில் ஒன்பது வரி.
பட்டறைப் பயிற்சி, 1899.
தூக்கிகளில் "சில மேம்பாடுகள்."
பிறப்பு, 1888.

உறுப்பினர் படிவத்தை அவனே நிரப்பியிருப்பான்.
கடைசியில் இருந்தது மூன்று.
இருந்ததே இருபத்தைந்து வருஷம்,
அதிலும் ஐந்தைக் கழித்துக்கொண்டார்கள்.
பதினோரு வயதில் பட்டறைக்குப் போனானாம்.
லண்டனில் எவருக்கும்
எழுந்துபோய்க் கேட்கத் தோன்றவில்லை.

எல்லோரும் தேநீருக்குப் போனபிறகு
அலுவலகப் பிரதியை என் பலகையில் விரித்தேன்.
சுரண்டுகத்தியால்
அந்த எட்டின் இடப்பக்கத்தை மட்டும் எடுத்தேன்,
ஊதித் துடைத்தேன்.

கணக்கு சரிதான் இப்போது.
ஆனால் காகிதம் துணி மாதிரி இல்லை.
அந்த இடத்தில் மெலிந்துவிட்டது;
தூக்கிப் பிடித்தால்
ஜன்னல் தெரிகிறது.